காய்ந்த சந்தனத்தில் விழுந்த கோடு

நைனா,

இன்று மதியம் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவரின் போர்வையை விலக்கியதும் உன் வாசம் வந்தது. தொடை இடுக்கில் ரத்தக்குழாயைத் துளைத்து ஆஞ்சியோ செய்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். துளைத்த இடத்தில் மலைக்கோயில் சந்தனத்தை அவர் மனைவி கனமாக அப்பியிருந்தார். ஸ்கேன் அறையில் இத்தனை காலம் நர்ஸாக நின்ற எனக்கே அதைத் துடைக்கக் கை வரவில்லை.

நீ செய்ததும் இதுதானே. ஆஞ்சியோ முடிந்து வந்த உன்னிடம், காலை மடக்காதே, கட்டைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் கட்டு மூலையில் கிடக்கிறது, நீ சந்தனத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

"என்ன நைனா இது?"

"சாமிக்குச் சாத்துன சந்தனம்மா. ஒங்க பிளாஸ்திரிய விட இது குளிர்ச்சி."

ஆயுசு முழுக்க மலை மடப்பள்ளியில் வெந்தவனிடம் யார் வாதாடுவது? ஆனால் காய்ந்த சந்தனத்தில் நடுவே ஒரே ஒரு வெடிப்புக் கோடு தடிமனாக ஓடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்ற மாதிரி இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். அடியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம், கை வைத்ததும் துடித்தது. "வாயுன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோ பள்ளத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும் உன்னை வழியிலேயே விட்டுவிடுவேனோ என்று பயந்தேன்.

ஸ்கேன் டாக்டரம்மா திரையைக் காட்டினார். குழாய்க்கு வெளியே சிவப்பும் நீலமுமாக ஏதோ சுழன்றது.

"ஓட்டை மூடலம்மா. ரத்தம் வெளிய வந்து சுத்திகினு இருக்குது. இப்படியே அழுத்திப் பாக்கலாம். நிக்கலன்னா ஆபரேஷன்தான்."

ஸ்கேன் கருவியாலேயே அந்த இடத்தை அழுத்தினார், கண் திரையில் இருந்தது. அவர் கை ஓய்ந்தபோது அதன் மேல் என் கையை வைத்து நானும் அழுத்தினேன். வலியில் உனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதும் உன் வாய் சும்மா இருந்ததா? திரையைப் பார்த்து, "ரசம் நுரை கட்டுது பாரு, அடுப்பக் கொறைக்கச் சொல்லு" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன்னை நாலு வார்த்தை திட்டலாம் போலிருந்தது. வெகுநேரம் கழித்து வெளியே இருந்த நிறம் அடங்கியது. குழாய்க்குள் மட்டும் ரத்தம் ஓடியது. "அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாய்.

அதன் பிறகு இரண்டு ஆடிக் கிருத்திகைக்கு நீ பொங்கல் இறக்கினாய். அப்புறம் உன் இதயமே நின்றுபோனது. அழுத்திப் பிடிக்க இடம் தெரிந்திருந்தால் பிடித்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு விட்டுப்போகிறது. நிற்கிற ரத்தத்தையும் நிற்காத ரத்தத்தையும் பார்த்துப் பார்த்துக் கண்ணும் சலித்துவிட்டது.

இன்றைக்கும் துடைக்கத்தான் வேண்டியிருந்தது. பள்ளிப்பட்டுக்காரரின் மனைவி பதறிப்போய்க் குறுக்கே கை வைத்தார்.

"சாமி சந்தனம்ங்க, தொடைக்காதீங்க."

"நெத்தியில வைங்கம்மா, காயத்துல வேணாம். எங்க நைனா மலை மடப்பள்ளியில சமைக்கிறவரு. அவரே நெத்தியிலதான் வெப்பாரு."

உன் தலையில் இந்தப் பொய்யைக் கட்டிப் பல காலம் ஆகிறது. டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள்கூட மடப்பள்ளி என்றதும் கேட்டுவிடுகிறார்கள். அவரும் கையை எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, கசிவு எதுவும் இல்லை, வெறும் ரத்தக்கட்டுதான் என்றார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஒங்க நைனா நல்லா இருக்காருங்களா?"

"ஆங், மலையிலதாங்க இருக்காரு" என்றேன்.

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். ரொம்பக் களைப்பாக இருக்கிறது, நைனா. ஆனாலும் நீ இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.