கை மூடினான் என்று வந்த தந்தி

கிர்க்டோரன்,
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லாக்லன்,

நாங்கள் இங்கே இருக்கிறோம். நீயும் அங்கே இருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். கொரியாவில் பனி இடுப்பளவு என்று வானொலியில் சொன்னார்கள். கம்பளிக் காலுறைகள் வந்தனவா? ஒரு ஜோடியில் குதிகால் கோணலாக இருக்கும். பிள்ளை ஃபின்லேயை மடியில் போட்டுக்கொண்டு பின்னியது, பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தைப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். இரண்டு முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நம் படையின் பாசறையிலிருந்து உனக்குத் தந்தி வந்திருக்கும், ‘ஃபின்லே கை மூடினான்’ என்று. வழக்கப்படி உன் படைப்பிரிவுக்காரர்கள் உன் முதுகில் தட்டி, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் குடித்தும் இருப்பார்கள். லாக்லன், அந்தத் தந்தி உண்மையில்லை. அவன் கை மூடவில்லை.

யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை; அன்று தபால் நிலையம் கிடையாது. அதனால் பாசறைக் குமாஸ்தா முந்தின நாளே அனுப்பிவிட்டார். நூற்றைம்பது வருஷமாகப் படையில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் மூடியிருக்கிறார்கள், இவன் மட்டும் மாட்டானா என்று நினைத்திருக்கிறார் பாவம். திங்கட்கிழமை நம் வாசலில் வந்து தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். “மூடாத பிள்ளைக்கு என்ன எழுதறதுன்னே எங்களுக்குத் தெரியலம்மா. இதுவரைக்கும் எழுதினதே இல்ல” என்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பாசறைக் கூடத்தில் முரசுகளை அடுக்கி, அவற்றின் மேல் கொடியை விரித்து, வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். குளிர் எலும்பைத் துளைத்தது. உன் அப்பா பழைய சீருடைச் சட்டையை என்னை இஸ்திரி போடவைத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பொத்தானும் எட்டவில்லை. வழக்கம்போல அவர்தான் படை பிறந்த கதையைச் சொன்னார். நீ நூறு முறை கேட்டதுதான். பிரபு படை திரட்ட ஆள் அனுப்பினார், வீட்டுக்கு ஒரு மகன், தராத வீட்டுக்கு நிலம் இல்லை. கடைசி வீட்டில் ஆண்பிள்ளை என்று தொட்டிலில் ஒன்றுதான் கிடந்தது. படையில் சேர்பவனுக்குத் தரும் ராஜாவின் வெள்ளி ஷில்லிங்கை சார்ஜன்ட் அதன் வலது உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் மூடிக்கொண்டன. “காச வாங்கிட்டான், இனி நம்ம ஆளு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பையன் வளர்ந்ததும் நிஜமாகவே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்துதான் படையில் பிறக்கும் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் ஞானஸ்நானத்தில் அதே காசை வலது கையில் வைத்து, மூடுகிறானா என்று பார்க்கிறார்கள்.

அந்தத் தாய் சிரித்தாளா என்பது கதையில் இல்லை. கையில் பிள்ளையோடு நின்று கேட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. மகனைக் கொடுத்த அதே வீடுகளைப் பின்னால் பிரபு ஆடு மேய்க்கக் காலிசெய்ததும் கதையில் இல்லை. நம் கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் இதை நான் சொல்லப்போய், “ஏம் பொண்ணே, அபர்டீன் காலேஜ்ல உனக்கு ஆட்டப் பத்தித்தான் பாடம் எடுத்தாங்களா?” என்று உன் அப்பா கேட்டாரே, நினைவிருக்கிறதா? நீ சூப்பைத் துப்பிவிட்டாய். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பயம் இருந்தது. பச்சைப் பிள்ளையின் உள்ளங்கையில் எது பட்டாலும் விரல் மூடிக்கொள்ளும் என்று மருத்துவம் படித்த என் விடுதித் தோழி சொல்லியிருக்கிறாள். கரண்டிக் காம்பை வைத்தாலும் மூடும். இதில் வாக்குறுதியும் இல்லை, வீரமும் இல்லை. எல்லாம் தெரிந்தும், கர்னல் அந்தத் தேய்ந்த ஷில்லிங்கை எடுத்தபோது, மூடாதே கண்ணே, மூடாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவன் மூடவில்லை. காசு உள்ளங்கையில் ஒரு கணம் கிடந்து, சரிந்து, கல்தரையில் விழுந்து உருண்டது. பேக்பைப்காரர் முன்கூட்டியே பையில் காற்றை நிரப்பித் தயாராக நின்றார். அது அடக்கமுடியாமல் கன்று போடும் மாடு மாதிரி ஒரு முனகல் முனகியது. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூடத்திலேயே சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சுக்கூட நீடிக்கவில்லை. எல்லாரும் காசைத் தேடிக் குனிந்தபோது பாசறை டாக்டர் மட்டும் பிள்ளையிடம் வந்தார். தன் விரலை வலது கையில் வைத்துப் பார்த்தார். பிறகு இடது கையில் வைத்தார். இடது கை பற்றிக்கொண்டது. “இந்த வலது கையால எப்பவாவது உன் முடியப் பிடிச்சு இழுத்திருக்கானாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். எப்போதும் இடது கைதான். என் தம்பி மாதிரி இடதுகைக்காரனாக வருவான் என்று நான் பெருமையாக உனக்கு எழுதியிருந்தேனே. போர்வைக்குள் சுற்றியே வைத்திருந்ததில் அந்தக் கை சும்மா கிடந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறக்கும்போது தோள் சிக்கியதில் நரம்பு இழுபட்டிருக்கலாம் என்கிறார். யார் மேலும் குற்றமில்லையாம். அடுத்த மாதம் இன்வெர்னஸில் பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறோம். கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். அதுவரை எண்ணெய் தடவி விரல்களை மடக்கி நீட்டிவிடச் சொன்னார். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். உன் மூக்குதான்.

உன் அப்பாவைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தயக்கம். வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். “இடது கையில வச்சிருக்கலாம். எந்தக் கைன்னு எவன் கேட்டான்?” என்று ஒருமுறை முனகினார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எண்ணெய் தடவுவது அவர் வேலை. என்னைத் தொடவிடுவதில்லை. “உன் கை பனிக்கட்டி, தள்ளு” என்கிறார். நேற்று அப்படித் தேய்த்துக்கொண்டே, பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னார்: “உன் பெரியப்பன் ஆங்கஸ் அந்தக் காச அப்படி இறுக்கிப் பிடிச்சான். விரல் விரலா பிரிச்சுத்தான் எடுத்தோம். ஊரே கை தட்டிச்சு.” பிரான்சில் போரில் இறந்த உன் அண்ணனைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு என் பக்கம் திரும்பாமலே, “இவனப் படைக்குக் கேட்டு எவனும் வர மாட்டான், பொண்ணே” என்றார். குரல் உடைந்திருந்தது. துக்கத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டிலை அடுப்பில் வைக்கப் போய்விட்டேன்.

உன் நண்பர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். குடித்த காசைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஆனால் எனக்கு ஒன்று எழுது. வருத்தமாக இருந்தால் அப்படியே எழுது. வருத்தமாக இல்லை என்றாலும் எழுது. அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டமாட்டேன்.

கடவுள் உன்னை முழுசாக வைத்திருக்கட்டும். மலையில் முதல் ஆளாக ஏறாதே. பதக்கம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். இவனுக்குப் பொத்தான் போட, கயிறு கட்ட, ரொட்டி வெட்டிக் கொடுக்க இந்த வீட்டில் கைகள் நிறையத் தேவைப்படும். உன்னுடையவை இரண்டையும் கொண்டு வா.

உன்
இஷ்பெல்