சிவப்பு நூலும் கூர்மூக்கு வண்டியும்

அண்ணா,

நாளைக் காலை உன் மகன் புது வண்டி எடுத்துக்கொண்டு வருகிறானாம். என்னைத் திருத்தணிக்கு அழைத்துப் போகப் போகிறானாம். குளிருக்கு இருக்கட்டுமே என்று பெட்டியைத் திறந்து பழைய சால்வையைத் தேடினேன். அடியில் கிடந்த பிஸ்கட் டப்பாவில் சிவப்பு உல்லன் நூல் உருண்டை. அதன் நுனியில் பழுப்பேறிய ஒட்டுத்தாள் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் என் வலது கை தானாக நீண்டு எதையோ பிடிக்கப் போனது. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை வருஷம் கழித்துமா என்று நீ சிரிப்பாய். சிரி. பயந்தவளுக்குத்தான் தெரியும்.

மணவாள நகர் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் அந்த இரட்டை இருக்கை வண்டி வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் இருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது, ஓடாத வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். லேத் பட்டறையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, மாலையில் அதன் அடியில் படுத்துப் படுத்து நீ அதை ஓட வைத்தாய். "நாலு பேரு ஒக்கார முடியாது, இது இன்னா காரு?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ பார்த்ததுமே பிடித்துவிட்டது. உருண்ட மட்கார்டுகள், தனியாகத் துருத்திக்கொண்டிருந்த இரண்டு விளக்குகள், நடுவில் சிரிக்கிற வாய் போல ஒரு கம்பி வலை. அந்த வண்டிக்கு முகம் இருந்தது.

வினையைக் கொண்டுவந்தவன் உன் நண்பன் தேவராஜ். மூர் மார்க்கெட்டில் பழைய வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் உட்கார்ந்தால் உங்கள் சபை கூடிவிடும். நானும் விடமாட்டேன்.

"பாப்பா, ஒலகம் எங்கியோ போய்க்கினு கீது. இப்பல்லாம் வண்டின்னா ஆப்பு மாதிரி இருக்கணும். முன்னால கூரு, பின்னால ஒசரம். இது இன்னா, பூசணிக்கா மாதிரி?" என்பாய்.

"பூசணிக்காதான் அழகு. உன் ஆப்பு வண்டிக்குக் கண்ணு எங்க, வாயி எங்க? பொட்டிக்குச் சக்கரம் மாட்ன மாதிரி கீது."

"தங்கச்சி, பொடவைல மட்டும் புது டிசைன் கேக்குறியே?" என்று தேவராஜ் சீண்டுவான்.

"பொடவை மேல ஏறி யாரும் ரேஸ் ஓட்றதில்ல."

அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "நாஷ்டா ஆறிப்போவுது. மாப்ளைக்கு மூக்கு சரியில்லன்னு பேசுறா மாதிரி பேசிக்கினு கீறீங்களே!"

பேச்சோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோழவரம் விமான ஓடுதளத்தில் அந்த வருஷப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த கையோடு நீ வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றினாய். பத்திரிகையில் வந்த படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்து அலுமினியத் தகட்டை வளைத்து, நீயும் தேவராஜும் ஒரு கூர்மூக்கு செய்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் வாயை அடைக்கும் அளவுக்கு அழகு. பழைய மூக்கு கோழிக்கூண்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

எந்த வடிவம் காற்றுக்கு நல்லது என்று பார்க்க வழி இருக்கிறது என்றான் தேவராஜ். வண்டி மேல் நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி ஓட்ட வேண்டும். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. நூல் எழுந்து ஆடினால் எங்கோ தப்பு. இதை அவன் எங்கே படித்தானோ. நான் உனக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் நூலைத்தான் வெட்டினோம். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, நூலைப் பார்ப்பானா? அதனால் பக்கத்தில் ஒருத்தர் உட்கார வேண்டும். தேவராஜ் கனம் என்று என்னை ஏற்றினாய். கோயிலுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தோம்.

வியாழக்கிழமைக் காலை. ஓடுதளத்தில், பஸ்ஸில் வந்து காத்திருந்த தேவராஜையும் காவல்காரரையும் இரண்டு ஆடுகளையும் தவிர ஆளில்லை. கிளம்பியபோது எனக்குக் குதூகலம்தான். நூல்கள் பானட்டின் மேல் வாரிய தலைமுடி போலப் படிந்திருந்தன. தோற்றேன் என்று நினைத்தேன். நீ மிதித்தாய். வேகமுள் ஏற ஏற மூக்கு நுனியிலிருந்த நூல் முதலில் நடுங்கியது. பிறகு அடுத்தது. பிறகு எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றன. முன்னால் தெரிந்த தரை மெல்ல மெல்ல மூக்குக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிதான் தலையைத் தூக்குகிறது என்று எனக்கு உடனே புரியவில்லை. உன் கையைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை நீ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறாய். வண்டி தன் பாட்டுக்கு நேராகப் போகிறது. ஓடுதளத்தின் முடிவும் அதற்கப்பால் பனைமரங்களும் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தன.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உன் இடது முழங்கைக்குக் கீழே என் வலது கை போய் இறுகியது. அது மட்டும்தான் என்னால் முடிந்தது. நீ காலை எடுத்தாய். முன் சக்கரம் மறுபடி தரையைப் பிடித்தபோது எழுந்த சத்தம் என் பல்லில் கேட்டது.

வண்டி நின்றதும் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஓடிவந்த தேவராஜ் குப்புறப் படுத்து மூக்குக்கு அடியில் பார்த்தான். கீழே ஒன்றுமே இல்லை, திறந்து கிடந்தது. கூர்மூக்கு காற்றைக் கிழிக்கவில்லை. முறம் போல வாரி உள்ளே எடுத்து, வண்டியையே தூக்கியிருந்தது.

"மச்சான், படத்துல அடிப்பக்கம் தெர்லியேடா," என்றான் அவன்.

மாதக்கணக்கில் அழகைப் பற்றிச் சண்டை போட்ட மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த வண்டியின் அடியில் என்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் உட்பட.

"பழைய மூக்க மாட்டுண்ணா," என்றேன். "மாட்டலன்னா நீ ரேஸுக்குப் போவக் கூடாது."

"பேஜாரு பண்ணாத பாப்பா. அடில ஒரு தகடு வச்சா சரியாப் பூடும்."

ரேஸ் நாளான ஞாயிறன்று எனக்குத் திருவள்ளூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை வேலை. நான் கிளம்பும்போது நீ கொட்டகையில் தகடு வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாய். கோழிக்கூண்டின் மேல் பழைய மூக்கு அப்படியே இருந்தது. நீ நிமிரவில்லை.

அன்றைய பகலை எப்படிச் சொல்வேன்? பலகையில் சின்ன மூடி விழுந்தால் யாரோ அழைக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு மூடி விழும்போதும் சோழவரம் பக்கத்துச் செங்குன்றம் லைனா என்றுதான் முதலில் பார்த்தேன். ரேஸ் தொடங்கும் நேரம் தாண்டியதும் செங்குன்றம் லைன் வந்தது.

"திருவள்ளூர், சோழவரத்துலேர்ந்து கால்," என்றாள் அங்கிருந்த ஆபரேட்டர் பெண்.

"எந்த நம்பர்?"

"நம்பர் இல்லையாம். உன்னைத்தான் கேக்குறாங்க."

இரைச்சலுக்கு நடுவே தேவராஜின் குரல். "தங்கச்சி, ஒண்ணும் பயப்படாத."

நம் ஊரில் அந்த வார்த்தையை எப்போது சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன். அப்போதுதான் உன் குரல் வந்தது.

"பாப்பா, நான்தான். நான் ஓட்டல. ஊட்டுக்கு வந்துகினு கீறேன்."

நான் லைனைத் துண்டித்துவிட்டுப் பலகை மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

கிளட்ச் கோளாறு என்று ஊருக்குச் சொன்னாய். எனக்கு மட்டும் கொட்டகையில் சட்டைக் கையை மடித்துக் காட்டினாய். இடது கையில் என் நகங்கள் பதிந்த இடம் பொருக்குத் தட்டியிருந்தது. "கொடி எறக்கப் போற நேரம். கியர் போடக் கைய வச்சேன். இது கண்ணுல பட்டுச்சி. ஓரமா ஒதுக்கிட்டேன்," என்றாய். அப்புறம் சும்மா இருந்தாயா? "ஆனா டிசைன் தோக்கல. நாங்க செஞ்ச தகடுதான் தோத்துச்சி," என்றாய். கடைசிவரை அதிலிருந்து இறங்கவே இல்லை. உலகமும் நீ சொன்னபடிதான் போனது. இன்று ரோட்டில் போகிற ஒரு வண்டிக்கும் முகம் இல்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், நீ கண்ணை மூடிக் கிடந்தபோது, அதே கையைத்தான் பிடித்திருந்தேன். தோல் தளர்ந்து மெலிந்திருந்தது. நர்ஸ் பார்க்காத நேரத்தில் நகம் பதியப் பதிய அழுத்தினேன். அந்தத் தடவை நீ ஓரமாக ஒதுங்கவில்லை அண்ணா.

நாளை உன் மகன் வருவான். அவன் வண்டியும் கூர்மூக்குதானாம், போனில் பெருமையாகச் சொன்னான். இந்த வயதில் என் இடுப்பு வளையாது. இருந்தாலும் குனிந்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். ஏறியதும் என் வலது கை அவன் கையைத் தேடும். அத்தைக்கு இவ்வளவு பயமா என்று கேட்பான். சட்டைக் கையை மடித்துக்கொள்ளச் சொல்வேன்.

உன்,
பாப்பா