நீலக் கூந்தல்

டோக்கியோ, காவல் நிலையத் தடுப்பறை
மே 14

அன்பு மகள் சிகுசாவுக்கு,

புது இலைகள் கண்ணைப் பறிக்கும் காலம். நலமா? எட்டு வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவளுக்கு, உன் பதிப்பகத்தின் விலாசத்துக்கு நானே எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு அடி எதுவும் இல்லை.

உன்னைத் தேடித்தான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தேன். காலையில் அசகுசா கோயிலில் ஊதுபத்திப் புகையைத் தலையில் அள்ளிப் பூசிக்கொண்டு, உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். குறிச் சீட்டில் கெட்ட பலன் வந்தது. கெட்டது கோயிலோடு போகட்டும் என்று வழக்கப்படி அதை அங்கிருந்த கம்பியில் கட்டிவிட்டு, காமிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹபாரா போனேன். நீ காமிக்ஸில் வரைகிற அந்த நீலக் கூந்தல்காரி நான்கு மாடி உயரத்துக்கு விளம்பரமாக நிற்கிறாள். அப்பனிடம் சொல்லாமல் இத்தனை பெரிய ஆளாகிவிட்டாயே என்று வயிறு எரிந்தது.

பக்கத்து மேட்டுக் கோயிலில் ஜனங்கள் எழுதிக் கட்டுகிற வேண்டுதல் பலகைகளிலும் அவள் படம்தான். படிக்கட்டு உச்சியில் ஒருத்தி பலகை கட்டிக்கொண்டிருந்தாள். நீலக் கூந்தல், உன் தோள், உன் உயரம். "சிகுசா" என்றேன். அசையவில்லை. "அப்பன் கூப்பிடுறேன், காது கேக்கலையா?" என்றேன். "யாருங்க நீங்க?" என்று திரும்பாமலே கேட்டாள். பொறுக்க முடியவில்லை. கூந்தலைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டேன். கூந்தல் கையோடு வந்துவிட்டது. அவள் படியில் உருண்டாள். உன் கதாநாயகி மாதிரி வேஷம் போட்டுவந்த எவளோ.

வக்கீல் ஒரு தாள் அனுப்புவார். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் என்னை வெளியே விடுவார்களாம். உன் அம்மா போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். வீட்டுக்குப் போய் அவளைக் கவனித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
குரொதா கென்சோ

மே 18

அப்பாவுக்கு,

தாள் வந்தது. அந்தப் பெண்ணை நான் என்று நினைத்துத்தான் அடித்தீர்களா, வேறு காரணம் உண்டா? அதை மட்டும் எழுதுங்கள்.

சிகுசா

மே 21

சிகுசா,

இது என்ன கேள்வி? யாரோ ஒரு பெண்ணை அடிக்க நான் என்ன ரவுடியா? நீ என்று நினைத்துத்தான் அடித்தேன். பெற்ற மகளை அடித்ததற்கு எவன் ஜெயிலில் போடுவான்? இதை அவர்களிடம் நீயே எடுத்துச் சொல். சீக்கிரம் கையெழுத்துப் போடு.

அப்பா

மே 26

அப்பாவுக்கு,

அந்தப் பெண்ணின் பெயர் மினோரி. வயது பத்தொன்பது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைகுனிந்து நின்றேன். பேச முடியாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "உங்களுக்கு விழ வேண்டிய அடியா அக்கா இது?"

ஆமாம் என்றேன். பன்னிரண்டு வயதில் நீங்கள் என் தாடையை உடைத்தபோது, சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். பக்கத்தில் நின்று அம்மாவும் தலையாட்டினாள். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் மினோரி இன்று சோறு மென்று தின்றுகொண்டிருப்பாள். இந்த வெட்கம் என்னைவிட்டுப் போகாது.

உங்கள் கடிதங்களைப் போலீஸில் கொடுத்துவிட்டேன். அம்மா சனிக்கிழமை ஒரு பெட்டியோடு என்னிடம் வந்துவிட்டாள். இருவரும் போய்ப் பழையதையெல்லாம் சொல்லி எழுதிக் கொடுத்தோம்.

இன்று காலை அம்மா கைதவறி ஒரு தட்டைக் கீழே போட்டு உடைத்தாள். இருவரும் சட்டென்று முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டோம். நீங்கள் இங்கே இல்லை என்பது அவளுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. உடைந்ததை நிதானமாகப் பொறுக்கினாள்.

தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

சிகுசா