இடப்பக்கம் தாவாதவள்

புள்ள,

இன்று காலை கடை அலுமாரியிலிருந்து பழைய கீபோர்டு ஒன்றை எடுத்தார்கள். புதியதில் யாரோ தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்கள். வேறொன்று வரும்வரை இதை வைத்துச் சமாளிக்கச் சொல்லிவிட்டார் கொம்பியூட்டர் திருத்த வருகிறவர். எழுத்தெல்லாம் தேய்ந்து கிடந்தது. நான்கு அம்புக் கட்டைகளிலும் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சு, அந்தக் கியூடெக்ஸ் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அவர் திரையில் ஒரு கீபோர்டின் படத்தை வரவழைத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வேலை செய்கிற கட்டை படத்தில் பச்சையாகும். எல்லாமே பச்சையாயின. அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் நான் சும்மா கையை வைத்தேன். இடது கை, நாம் கேம் ஆடிய காலத்துப் பழைய இடத்துக்குத் தானாகப் போய், பெருவிரல் கீழே அந்த நீட்டுக் கட்டையில் உட்கார்ந்தது. வலது கையை உன் இடத்தில் வைத்தேன். நீ என் பக்கம் தாவுகிற மாதிரி மேல் அம்பையும் இடது அம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நான் தடுக்கிற மாதிரி நீட்டுக் கட்டையைத் தட்டினேன். பச்சையாகவில்லை. பத்துத் தடவையாவது தட்டியிருப்பேன். உன் விரலை எடுத்தால் என் கட்டை எரிகிறது. நீ இரண்டையும் பிடித்திருந்தால் அது செத்துப் போகிறது.

அவர் திரும்பி வந்ததும் காட்டினேன். "அது பழுதில்ல மிஸ். அந்தக் காலத்துக் கீபோர்டு அப்படித்தான். மூணு கட்டைய ஒண்ணா அமுத்துனா ஒண்ண முழுங்கிரும்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒருத்தருடைய அடையாள அட்டையை இரண்டு தடவை ஒரே பக்கம் போட்டோகொப்பி அடித்துக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. உன்னை எங்கே போய்ப் பிடிப்பது? அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். எனக்குத்தான் இன்றைக்குப் புதிதாகியிருக்கிறது.

ஒரே மாதத்தில்தான் நாம் அந்தக் கடைக்கு வந்தோம். நீ மடுல்சீமையிலிருந்து, நான் பசறைப் பக்கமிருந்து. இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் கெம்பஸ் போகப் புள்ளி பத்தவில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, மாடியில், மூன்று டெலிபோன் பெட்டியும் இரண்டு கொம்பியூட்டரும் ஒரு போட்டோகொப்பி மெஷினும் வைத்திருந்த கொமியூனிகேஷன். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகளோடு பேசத் தாய்மார் துண்டுக் கடுதாசியில் நம்பரோடு வருவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஈ ஆடாது. அந்த நேரத்தில்தான் அந்த கேம்.

யாரோ விட்டுப்போன சீடி அது. ஆகாயத்தில் பலகைகள் தொங்கும், அவற்றின்மேல் இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்ளும். அடி சேரச் சேரப் பொம்மை தூரத் தூரப் பறக்கும். பலகையைத் தாண்டிக் கீழே விழுந்தால் ஒரு உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று உயிர். நான் சுத்தியல் வைத்த குண்டன், நீ குடை பிடித்த நரி. ஒரே கீபோர்டில் இடப்பக்கம் என் கை, வலப்பக்கம் உன் கை. தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, உன் சோற்றுப் பெட்டியின் கருவாட்டு வாசனை இரண்டு பேர் மேலும் அடிக்கும்.

முதலில் இரண்டு பேருமே கண்ணை மூடிக்கொண்டு அடித்தோம். தடுக்கவும் ஒரு கட்டை இருக்கிறதென்று கண்டுபிடித்தது நீதான். அதை அழுத்தினால் பொம்மையைச் சுற்றி நீலமாக ஒரு குமிழி வரும். நான் அதைப் பிடித்த பிடி விடமாட்டேன். குமிழி சிறுத்துச் சிறுத்து உடையும், குண்டன் தலை சுற்றி நிற்பான், நீ சாவகாசமாக வந்து தள்ளிவிடுவாய். "பயத்துல அமுத்திக்கிட்டே இருக்க, அதான் ஒடையுது" என்பாய்.

அப்புறம் ஒருநாள் தவறுதலாக, அடி வந்து படுகிற அதே நொடியில் நீ கட்டையைத் தொட்டுவிட்டாய். 'டிங்' என்று ஒரு சத்தம். என் சுத்தியல் வழுக்கிப்போய் குண்டன் தடுமாறினான். இன்னொரு தடவை அதைச் செய்து காட்ட உனக்கு ஒரு வாரம் ஆனது. எனக்கு இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதம் நீ என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! அரைமணி நேரம் ஒருத்தி அடிக்க மட்டும் வேண்டும், மற்றவள் தடுக்க மட்டும் வேண்டும், திருப்பி அடிக்கக் கூடாது. அதற்கு நீ பெரட்டு என்று பேர் வைத்திருந்தாய். விடியக் காலையில் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் போட வரிசையில் நிற்கிற நம் அம்மாக்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சுத்தியலைப் பார்க்காதே, தோளைப் பார், தோள் ஏறினால்தான் சுத்தியல் வரும் என்பாய். பலகைக்கு வெளியே பறந்து போனால் பதறி உடனே தாவாதே, இரண்டாவது தாவலைக் கையில் வைத்துக்கொள், ஏறி வந்த வழியிலேயே மறுபடி வராதே என்பாய். நான் எரிச்சல்படுவேன். வெறும் விளையாட்டுக்கு என்னடி இவ்வளவு என்பேன். ஆனாலும் மறுநாள் இரண்டு மணிக்கு நான்தான் முதலில் கதிரையை இழுத்துப் போடுவேன்.

நீ தாவி வருகிறபோது மட்டும் எனக்குத் தடுக்க வராது. நான் எப்போதும் பலகையின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன். நீ வலப்பக்கமிருந்து எகிறி வருவாய். தோளைப் பார்ப்பேன், சரியான நொடியில்தான் தட்டுவேன், ஆனாலும் குடை வந்து மண்டையில் விழும். எனக்குக் கண்ணீரே வந்துவிடும். ஒருநாள் நீ விளையாட்டை நிறுத்திவிட்டு என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடி ஆடினாய், மறுபடி பார்த்தாய்.

"அந்த நீட்டுக் கட்டைய விட்டுட்டு வேற கட்டைக்கு மாத்திக்க புள்ள. அது சரியா வேலை செய்யல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "ஏன், நான் ஒன்னைய விட நல்லா தட்டிருவேன்னு பயமா இருக்கா? என் வெரலு பழகிப்போச்சு. மாத்த மாட்டேன்."

அடுத்த நாளும் சொன்னாய், அதற்கடுத்த நாளும் சொன்னாய். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டாய். அதற்குப் பிறகுதான் என் தடுப்பு தேறியது, புள்ள. நீ எங்கிருந்து வந்தாலும் 'டிங்', 'டிங்' என்று தட்டினேன். பயிற்சி பலித்துவிட்டது என்று அவ்வளவு பெருமை எனக்கு. நீ தாவுவதை விட்டுவிட்டாய் என்பதை நான் கவனித்தேன், கவனிக்காமலில்லை. நேராக மேலே குதிப்பாய், வலப்பக்கம் போவாய், என் பக்கம் மட்டும் தரையில் நடந்துதான் வருவாய். எனக்குப் பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். தரைக்கோழி என்று பட்டப்பெயர் வைத்தேன். நீயும் கொக்கொக்கென்று கத்திக்கொண்டு நடந்து வருவாய்.

அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. டெலிபோன் பெட்டிகளில் நாம் பழைய பேப்பர் அடுக்கத் தொடங்கினோம். ஒரு திங்கட்கிழமை முதலாளி வந்து உட்கார்ந்தார். நம் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு இனி ஒராளுக்குத்தாம்மா வேலை இருக்கு. யாரு நிக்கிறதுன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமை சொல்லுங்க." கெட்ட மனிதரில்லை. ஆனால் அந்தச் சுமையை நம் தலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

போகிறவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். தோட்டத்துக்குத் திரும்பினால் கொழுந்துக் கூடை. டவுனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவளை "கொம்பியூட்டரு வந்திருச்சு" என்று மலையில் வரிசை வரிசையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். இல்லாவிட்டால் ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு யாரோ ஒருத்தர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டும். என் அப்பா நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தார். உனக்குப் பள்ளிக்கூடம் போகிற தங்கச்சிகள் இரண்டு பேர். செவ்வாயும் புதனும் அதைத் தவிர மற்றதெல்லாம் பேசினோம். வியாழக்கிழமை நான்தான் சொன்னேன், ஆடித் தீர்த்துக்கொள்வோம், தோற்கிறவள் போகட்டும் என்று. ஜெயிப்பேன் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். தாவவே தெரியாதவளை எனக்கு வெல்லத் தெரியாதா? நீ சரி என்றாய்.

கதவில் 'மூடியுள்ளது' பலகையை மாட்டினோம். ஆளுக்கு இரண்டு உயிர் போய், கடைசி உயிர். நான் வழக்கம்போல் இடது ஓரம். அவசரப்பட்டு ஓங்கிய சுத்தியல் காற்றில் போனது. குண்டன் ஏற்கெனவே அடி வாங்கி வாங்கி, ஊதினால் பறந்துவிடுகிற நிலையில் இருந்தான். நீ ஒரு தாவல் தாவியிருந்தால் முடிந்தது. உன் விரல் மேல் அம்பின்மேல் நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அழுத்தவில்லை. நடந்து வந்தாய். அதற்குள் நான் நிமிர்ந்துவிட்டேன். குடை இறங்கிய நொடியில் தட்டினேன். 'டிங்'. நரி தடுமாறியது. ஓங்கி ஒரே அடி.

நீ விட்டுக்கொடுத்தாய் என்றிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீ விட்டுக்கொடுக்கவில்லை. பறந்துபோன நரியைத் திருப்பிக் கொண்டுவர என்ன பாடுபட்டாய்! பதறாமல், இரண்டாவது தாவலைக் கடைசிவரை வைத்திருந்து, வேறு வழியாக ஏறி, பலகையின் விளிம்புக்கு ஒரு விரற்கடை குறைவாக விழுந்தாய். தங்கச்சிகளுக்காக உயிரைக் கொடுத்து ஆடினாய். என்னால் தடுக்க முடியாத அந்த ஒரு அடியை மட்டும் அடிக்கவில்லை. விளையாட்டு முடிந்ததும் கியூடெக்ஸ் போட்ட விரல்களை மடக்கி நெட்டி முறித்துவிட்டு, "நல்லா தட்டுன புள்ள" என்றாய். அவ்வளவுதான். சோற்றுப் பெட்டியைக் கழுவினாய். மறுநாள் முதலாளியிடம் நீயே போய்ச் சொன்னாய்.

யார் கேட்டார்கள் உன்னிடம்? கையைப் பிடித்து, இதைப் பாரடி, நான் இதை அமுக்கினால் உன்னுடையது செத்துப்போகிறது என்று காட்டியிருக்கலாமே? மூன்று நாள் சொன்னவள் நாலாவது நாளும் சொல்லக் கூடாதா? இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பதிலும் எனக்கே தெரிகிறது. நாலாவது நாளும் நான் மூஞ்சியைத்தான் திருப்பியிருப்பேன். திருத்துகிறவர் போனபிறகு பக்கத்துக் கட்டை ஒன்றை அழுத்திப் பார்த்தேன். உன் அம்புகள் இரண்டையும் பிடித்திருந்தபோதே அது பச்சையாக எரிந்தது.

நீ குவைத் போனாய். வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு போன் எடுப்பாய். நாலு வருசம் கழித்து வந்து, கொஸ்லந்தையில் கல்யாணம் கட்டி, ஒரு பிள்ளையும் பெற்று, கடைசியில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். நான் இதே கதிரையில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கடைசிவரை மருந்து வாங்கியது இந்தக் கதிரைதான். படியேறினால் முழங்கால் வலிக்கிறது. படிவத்தை நிரப்பத் தெரியாமல் வந்து என்மேல் எரிந்து விழுகிறவர்களிடம் நான் உடனே வாயைத் திறப்பதில்லை. வரட்டும், வந்து படுகிற நேரத்தில் ஒரு சொல் போதும் என்று காத்திருக்கப் பழகியிருக்கிறேன். மிஸ்ஸுக்கு நல்ல பொறுமை என்கிறார்கள். அது பொறுமையில்லை, நீ வைத்த பெரட்டு.

இதையும் சொல்லிவிடுகிறேன். உன் எட்டாம் நாள் காரியத்துக்கு வந்தபோது, மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த சனங்களிடம் நம் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமென்றுதான். தரைக்கோழி, கொக்கொக், கடைசியில் நான் தட்டிய தட்டு, எல்லாம் சொன்னேன். அவளை நேருக்கு நேர் நின்று ஜெயித்தவள் நான் ஒருத்திதான் என்றும் சொன்னேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளும் அதத்தாம்மா சொன்னா. வேலை போச்சுன்னு வந்த அன்னைக்கு நான் ஒன்னைய வஞ்சேன். அதுக்கு, ஞாயமா ஆடித்தாம்மா தோத்தேன், அவ என்னைய விட நல்லா தட்டுறா, அவள வையாதன்னு சொன்னா."

அன்றைக்கு அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, புள்ள. உன் எட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சந்தோஷப்பட்டேன்.