சிஞ்ஞோராவின் குரலுக்கு விழுந்த விசில்

பலெர்மோ,
திங்கட்கிழமை.

அன்பு மகள் கேசினிக்கு,

அப்பாவின் முழங்கால் வலியைக் கணக்கில் எடுக்காவிட்டால் நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் மெல்பேர்ண் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதியில் அழுதுவிடுவேன், அப்பா போனைப் பறித்து மீதியைப் பிழையாகச் சொல்லுவார். அதனால்தான் எழுதுகிறேன். கீழ்வீட்டுத் துஷாந்தி இதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், முழுவதையும் ஒரே மூச்சில் வாசி.

லிபெர்த்தா வீதியில் நான் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஆகத்தா சிஞ்ஞோராவின் தொண்டையில் கட்டி என்று போன மாதம் சொன்னேனல்லவா, அது புற்றுநோய்தான் பிள்ளை. குரல்வளையை எடுத்தால் பிழைப்பார், எடுக்காவிட்டால் அடுத்த வருடத்தைக் காண்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எடுத்தால் பிறகு கதைக்க முடியாது. மனுசி சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எண்பத்தெட்டு வயதில் அப்படி என்ன கதை மிச்சம் இருக்கிறது என்று நானும் வாய்த்துடுக்காகக் கேட்டுவிட்டேன், இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் செய்திப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கால்சாப் பக்கம் ஒரு பழைய மாளிகை மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம் ஒன்று காட்டுகிறார்களாம். பேப்பரில் இருந்த கதாநாயகியின் முகத்தில் விரலை வைத்து, இவள் இத்தாலியனில் கதைப்பது நான்தான் என்றார். கேசினி, எனக்குத் தலை சுற்றியது. ரோமில் சினிமாக் கொம்பனியில் வேலை பார்த்தவர் என்றுதானே நமக்குத் தெரியும், ரைப் அடித்திருப்பார் என்று நினைத்தோம். பார்த்தால் அந்த நடிகையின் பதினொரு படங்களுக்கும் இவர்தான் குரல்! ஒன்றில்கூடப் பெயர் போடவில்லை, அந்தக் காலத்தில் போடமாட்டார்களாம். அந்த நடிகையை ஒருநாளும் நேரில் கண்டதுமில்லை. அவள் பத்து வருடத்துக்கு முன் ஒரு வயோதிபர் இல்லத்தில் தன்னையே யாரென்று மறந்து செத்துப்போனாளாம். கதாநாயகன் மட்டும் தொண்ணூற்றாறு வயதில் இருக்கிறார், பேப்பரில் படம் போட்டிருந்தார்கள், தொப்பிக்குக் கீழே மூக்கு மட்டும்தான் தெரிகிறது. வாருங்கள் போவோம் என்றேன். இளம் பிள்ளைகள் சிரிப்பார்கள், என் குரலைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டுவிட்டுச் சாகவா என்றார். அப்போதுதான் ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று எனக்கு விளங்கியது, என் வாயில் நானே அடித்துக்கொண்டேன்.

எப்படியோ கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அப்பாவும், மொண்டெல்லோவில் அவரோடு ரெஸ்ரோரன்ட் சமையலறையில் வேலை செய்யும் றொனியும் லீவு போட்டுவிட்டு வந்து சக்கர நாற்காலியைப் படிகளில் தூக்கினார்கள். கடைசி வரிசையில் இருந்தோம். படம் தொடங்கியதுமே முன்னுக்கு இருந்த மாணவர்கள் கதாநாயகனின் எண்ணெய்த் தலையைக் கண்டு சிரித்தார்கள், சிஞ்ஞோரா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பிறகு கதாநாயகி வந்தாள். முதலில் கப்பல் படியில் இறங்கும் கால், பிறகு கையுறை, பிறகுதான் முகம். உன் அப்பாவுக்கு அது போதாதா? இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார், மண்டபமே அதிர்ந்தது. றொனி எழும்பி நின்று கைதட்டி, நாலு டிக்கெட்டையும் கிழித்து மேலே எறிந்தான். நம் ஊர்த் தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சிக்கு வந்த நினைப்பு இரண்டு பேருக்கும். இங்கே படம் முடிந்தால்தான் கைதட்டுவார்கள், அதுவும் அளவோடு. நூறு தலை திரும்பி உஸ் என்றது, எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து, தயவுசெய்து வெளியே போங்கள் என்றார். அப்பா விடுவாரா, படத்திலை கதைக்கிறவ இஞ்சைதான் இருக்கிறா, நாங்கள் ஏன் போக வேணும் என்று பாதி தமிழும் பாதி இத்தாலியனுமாகச் சத்தம் போட்டார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது சிஞ்ஞோரா திரையிலிருந்து கண் எடுக்காமல், கதாநாயகி சொல்லப்போவதை ஒரு நொடி முந்திச் சொன்னார். உடனே திரையிலும் அதே சொல், அதே இழுவை. கரகரத்துப் போயிருந்தாலும் அதே குரல் பிள்ளை! அந்த மனிதர் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார்.

காதோடு காதாக வரிசை வரிசையாகச் செய்தி போனது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கதாநாயகி நீதிமன்றத்தில் நின்று சொந்த அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் இடம் வந்தபோது, எண்ணெய்த் தலையைப் பார்த்துச் சிரித்த பெடியன் ஒருவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். படம் முடிந்து வெளிச்சம் வந்தது. எல்லோரும் எழும்பினார்கள், திரைக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பி நின்று கைதட்டினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா திரும்பவும் விசில் அடித்தார், இந்த முறை ஒருவரும் உஸ் சொல்லவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

இன்று காலை கோப்பி கொண்டுபோனால், சம்மதக் கடிதத்தை எடுத்துவா என்றார் சிஞ்ஞோரா. வெட்டினால் எல்லாம் போய்விடும் என்று பயந்திருந்தேன் புஸ்பா, நேற்றுக் கேட்டேனே, அது அங்கே நன்றாகத்தான் இருக்கிறது, தொண்டையில் இருக்கும் பழசை அவர்கள் எடுக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். வியாழன் காலை ஒப்பரேஷன். சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மலையேறுவதாக நேர்த்தி வைத்திருக்கிறேன், நீயும் அங்கே கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பள்ளிக்கூடம் விட்டு வந்து சிஞ்ஞோராவின் சமையலறை மேசையில் இருந்துதான் நீ இத்தாலியன் படித்தாய், சொல்லுக்குச் சொல் திருத்தியவர் அவர். நீ கதைத்தால் ரோமில் பிறந்த பிள்ளை போல இருக்கிறது என்று உன் ரீச்சர் சொன்னாளே, அவள் உன் வாயில் கேட்டது யாருடைய குரலை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளை எப்போது போன் எடுப்பாள் என்று இன்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். புதன்கிழமைக்குள் எடு. வியாழனுக்குப் பிறகும் நீ சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார், ஆனால் உன் பிழையைத் திருத்த மாட்டார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
மா. புஸ்பவதி