அந்தோனிக்கு நீ ஊற்றிய தண்ணீர்

என் பிரியமுள்ள பிலோமி அக்கா,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன் கல்லறைப் பக்கம் நின்று ஏதாவது முணுமுணுத்துவிட்டு வருவேனே தவிர, எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், மற்றவர்களும் இதை வாசிக்கட்டும் என்பதுதான். தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேர் ‘சகாயராணி வேதம் மாறிட்டா’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘அவளுக்கு விசுவாசம் பத்தல’ என்கிறார்கள். நடந்ததை உனக்கே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் சேவியர் சுகமாக இருக்கிறார். தேயிலை ஃபாக்டரியில் அதே வேலை, அதே முதுகுவலி. கொழுந்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நீ பார்த்துக்கொண்ட பிள்ளைமடுவத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பிள்ளைகளைத் தூங்கவைக்கப் போனில் பாட்டுப் போடுகிறாள். நீ இருந்தால் கத்தியிருப்பாய். ஆனால் பிள்ளைகள் நன்றாகத்தான் தூங்குகின்றன.

உன் அடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தமிழ் ஃபாதர் மாற்றலாகிப் போனபிறகு பலாங்கொடைக் கோயிலில் இருப்பவர் சிங்கள ஃபாதர் ஒருவர்தான். நல்ல மனிதர். மழையோடு மழையாகத் தோட்டத்துக்கு ஏறி வந்தார். எல்லா செபத்தையும் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாதா? சந்தையில் பேரம் பேசுவேன், ஆஸ்பத்திரியில் சண்டையே போடுவேன். ஆனால் உன்னைக் குழியில் இறக்கும்போது அந்த மொழியில் எனக்கு அழுகை வரவில்லை. மரம் மாதிரி நின்றேன். நீ அதைக் கவனித்தாயா?

அதற்குப் பிறகு எட்டு நாளும் வீட்டுக்கு வந்தவள் கமலாதான். கீழ் டிவிசனில் கொழுந்து பறிக்கிறாளே, சபைக்குப் போகிறாளே, அவள்தான். வேலை முடிந்த கையோடு வந்து பானை கழுவினாள், சோறாக்கினாள், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாள், “அக்கா, புதன்கெழம எங்க ஜெபக் கூட்டத்துக்கு வந்து சும்மா ஒக்காந்துட்டுப் போங்க” என்றாள். நாம் செபம் என்போம், அவர்கள் ஜெபம் என்பார்கள். அந்த ஓர் எழுத்துக்கே நீ அவளோடு மல்லுக்கு நின்றிருப்பாய்.

போனேன். தகரக் கூரை போட்ட சின்ன மண்டபம், பத்துப் பதினைந்து பேர். பாஸ்டர் என்னைவிட இளையவர். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாராம். கமலா என்னை ஜெபிக்கச் சொன்னாள். வாய்ப்பழக்கத்தில் மாதா செபத்தைத் தொடங்கிவிட்டேன். அவர்கள் மாதாவிடம் வேண்டுவதில்லை, ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. “மனசுல இருக்கறத அப்பிடியே சொல்லுங்கக்கா” என்றாள் கமலா. மனதில் என்ன இருந்தது? “எங்க அக்கா செத்துப்போச்சு. எனக்கு வீட்டுல பேச்சுக்கு ஆளில்ல” என்றேன். அவ்வளவுதான். அடக்கத்தில் வராத அழுகை அங்கே வந்தது.

அதன்பிறகு ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பூசைக்குப் போவது குறைந்தது, பிறகு நின்றே போனது. சேவியரிடம் கேட்டேன். “நான் அங்க வரமாட்டேன். ஒன்ன போகாதன்னும் சொல்லமாட்டேன்” என்றார். அவர் எப்போதும் அப்படித்தானே.

போன மாதம் பாஸ்டர் சொன்னார், “மாசக் கடைசியில ஆத்துல ஞானஸ்நானம் இருக்குக்கா. நீங்களும் எடுத்துக்கலாம்.” சரி என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்கு முன் மூன்று நாள் பாடம் உண்டு. இரண்டாம் நாள் பாடத்தில் அவர் விளக்கினார். விவரம் தெரியாத குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவது ஞானஸ்நானம் ஆகாது, தானாக விசுவாசித்து முழுகுவதுதான் ஞானஸ்நானம் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த லொறி ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா, அதைப் பற்றி நீயும் நானும் ஒருநாளும் பேசியதில்லை. இப்போதாவது பேசுகிறேன்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். ஒரு நாள் காலையில் வலி பிடித்துவிட்டது. வேறு வாகனம் இல்லாமல் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். நீ பிள்ளைமடுவத்திலிருந்து ஓடிவந்து என்னோடு ஏறினாய். சேவியர் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். பெரிய ரோட்டுக்கு வரும் முன்பே, ஒரு வளைவில் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. ஒரே ஒரு தடவை, பூனைக்குட்டி மாதிரி சத்தம் போட்டது. உடம்பு நீலமாகிக்கொண்டே வந்தது.

நீ தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாய். “பேரு சொல்லு சகாயம், சீக்கிரம் ஒரு பேரு சொல்லு” என்றாய். நான் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயே “அந்தோனி” என்று சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று தடவை அந்தச் சின்னத் தலையில் ஊற்றினாய். உயிர் போகிற நேரத்தில் ஃபாதர் இல்லாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நமக்குச் சொல்லித் தந்ததுதானே. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் அவன் போய்விட்டான்.

நான் என்ன சொன்னேன்? “பச்ச ஒடம்புல பச்சத் தண்ணிய ஊத்திட்டியே, அதுனாலதான் செத்துச்சு!” என்று எல்லோர் முன்னும் கத்தினேன். நீ உன் முந்தானையில் அவனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வீட்டில் அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதையும் நீ கேட்டு நடந்தாய்.

பாடம் முடிந்ததும் பாஸ்டரைத் தனியாகக் கேட்டேன். “தம்பி, எங்க அக்கா என் மகனுக்கு ஊத்துன தண்ணி அப்ப என்ன?”

“கொழந்தைங்கள கர்த்தர் கைவிடவே மாட்டாருக்கா. ஒங்க மகன் அவருகிட்டதான் இருக்கான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல” என்றார்.

“நான் அதக் கேக்கலங்க. அந்தத் தண்ணிய கேக்கறேன்.”

“அது ஞானஸ்நானம்னு நான் சொன்னா பொய்யாயிரும். ஒங்ககிட்ட நான் பொய் சொல்ல விரும்பல.”

எனக்குக் கோபம் வரவில்லை. மனதை ஆற்றுவதற்காக எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். நான் ஆற்றில் முழுகினால், நீ செய்தது ஒன்றுமில்லை என்று நானே இரண்டாம் தடவை சொன்னது போலாகாதா? முதல் தடவை வலியில் கத்தினேன். இந்தத் தடவை நல்ல நினைவோடு சொல்வேனே?

அடுத்த ஞாயிறு பலாங்கொடைக்குப் போனேன். பூசை முடிந்ததும் ஃபாதரிடம், கோயிலை விட்டுப் போக யோசிக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். சிங்களத்தில் செபம் எனக்குள் இறங்குவதில்லை என்றும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு லொறியைப் பற்றிச் சொன்னேன். அந்தோனியைப் பற்றி நான் முதன்முதலாக வாய்விட்டு முழுதாகச் சொன்னது அவரிடம்தான், அதுவும் சிங்களத்தில். அழ வராத மொழி என்று நினைத்திருந்தேன். அன்று வந்தது.

அவர் எந்த வருடம் என்று கேட்டார். அலுமாரியிலிருந்து ஞானஸ்நானம் பதியும் பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, விரலால் தேடிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி வாசித்தார். பிள்ளையின் பெயர் அந்தோனி. அப்பா சேவியர், அம்மா சகாயராணி. ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவர் பிலோமினா. “ஒயாகே அக்காத?” என்று கேட்டார். உன் அக்காவா என்று. தலையாட்டினேன்.

பிள்ளை செத்த நாலாம் நாள் பதிந்திருக்கிறார்கள். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது அக்கா. மண்ணெண்ணெய் வாங்கி வருகிறேன் என்று பலாங்கொடை டவுனுக்குப் போய், வெறும் கையோடு, நனைந்து திரும்பி வந்தாய். அதற்கும் உன்னைத் திட்டினேன். இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை? பெயர் எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதாலா? இல்லை, சொன்னால் மறுபடி கத்துவேன் என்று பயந்தாயா?

நீ ஊற்றிய தண்ணீரால்தான் அவன் செத்தான் என்று நான் கத்தியது தப்பு. நீ உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து அறையில்தானே இருந்தாய்.

புத்தகத்தைப் பார்த்த அன்று சாயந்தரமே பாஸ்டரைப் பார்த்தேன். “தம்பி, அந்தத் தண்ணி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு என்னால முங்க முடியாது” என்றேன்.

“அப்ப முங்க வேணாங்க்கா. மனசில்லாம செய்யறதுக்கு அது குளிப்பு இல்ல” என்றார். பிறகு, “புதன்கெழம வருவீங்கதானே?” என்று கேட்டார்.

“வர வேணாம்னு சொன்னாலும் வருவேன்” என்றேன். சிரித்துவிட்டார்.

மாதக் கடைசியில் ஆற்றுக்குப் போனேன், கமலாவுக்குத் துண்டு பிடிக்க. அவளும் இந்தத் தடவைதான் ஞானஸ்நானம் எடுத்தாள். அவள் முழுகி எழுந்தபோது முகம் அத்தனை தெளிவாக இருந்தது. அவளுக்காக எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எனக்காகக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, மறைக்கவில்லை. முழுகியவர்களுக்குத்தான் அப்பம் என்பதால், சபையில் அதைப் பிட்டுக் கொடுக்கும் நேரத்தில் நான் பின்பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பூசைக்குப் போகிறேன். தமிழ் ஃபாதர் ஒருவரை மாதம் ஒரு தடவையாவது அனுப்பச் சொல்லி நம் சிங்கள ஃபாதர் மேலிடத்தில் கேட்டிருக்கிறாராம், இன்னும் யாரும் வரவில்லை. அதுவரை அவரே சுவிசேஷத்தைத் தமிழில் வாசிக்கிறார். தமிழைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கல்லில் தடுக்கித் தடுக்கி நடக்கிற மாதிரி வாசிக்கிறார். இளசுகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. புதன்கிழமை சபைக்குப் போவதையும் அவரிடம் சொன்னேன். “ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு என் மனம் எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரியாது. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

சேவியரிடம் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வாரம் எடுத்தேன். அவன் பெயரை அவர் முன்னால் நான் சொன்னதே இல்லையே. வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்பா பேருன்னு என் பேரப் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு” என்றேன்.

வருகிற ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அக்கா. அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அவர் கண்ணாலேயே வாசிக்க வைக்கிறேன். இனி நம் வீட்டில் அந்தோனி பெயரைச் சொல்ல யாரும் பயப்பட வேண்டியதில்லை. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கச்சி,
அந்தோனியின் அம்மா,
சகாயராணி