புல்லை மடித்து நட்ட கிழங்கு

மாப்பிள்ளை,

இன்று காலை குடோனில் பனியன் துணி உருளைகளுக்குப் பின்னால் ஒரு சாக்கைப் பிரித்தேன். குப்பென்று மண்வாடை. விதைக்கென்று மேட்டுப்பாளையத்திலிருந்து நீ வாங்கி வைத்த உருளைக்கிழங்கு, கேட்பாரற்று முளைவிட்டிருந்தது. நீ போன பிறகும் உன்னை நினைத்து எரிச்சல்படுவேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பனியன் கொள்முதல் செய்யும் அந்த அயர்லாந்து பையரை நம் கம்பெனிக்கு அழைத்து வந்தவன் நான். கோவை விமான நிலையத்தில் மாலையோடு நின்றவனும் நான்தான். சாம்பிள்களை விரித்து நான் இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தபோது நீ சாவகாசமாக வந்தாய். "உங்க ஊர்ல என்னங்க வெள்ளாமை?" என்று உன் அரைகுறை இங்கிலீஷில் கேட்டாய்.

அவ்வளவுதான், மனிதர் மடை திறந்தாற்போல் பேச ஆரம்பித்தார். கட்டிங் டேபிளில் சாக்பீஸால் படமே போட்டார். அவருடைய அப்பா நிலத்தை உழவே மாட்டாராம். புல்தரை மேலேயே எருவும் கடல்பாசியும் பரப்பி, துண்டுக்கு ஒரு முளைக்கண் இருக்கும்படி வெட்டிய கிழங்கை வைப்பாராம். பிறகு இருபுறமும் புல்லை மண்ணோடு பெயர்த்து, நாம் பனியன் விளிம்பை மடித்துத் தைப்பது போல மேலே மடித்துவிடுவாராம். என் சாம்பிள்கள் அப்படியே கிடந்தன.

அந்த மார்கழியிலேயே நிட்டிங் ஷெட்டுக்குப் பின்னால் அருகம்புல்லை மடித்து நட்டாய். மழை ஊற்றும் ஊரில் தண்ணீர் வடிவதற்கான மேட்டுப்பாத்தி அது. நம் திருப்பூரிலோ ஊற்றிய தண்ணீரெல்லாம் வடிந்துபோக, நீ குடமும் கையுமாக அலைந்தாய்.

"கெழங்கு வராது மாப்ள, உனக்கு இடுப்புவலிதான் வரும்" என்றேன்.

"வரும் பாரு" என்றாய். வந்தது, நெல்லிக்காய் அளவில்.

பங்குனியில் மறுபடி வந்த பையர் அதற்குத்தான் ஷூவைக் கழற்றிவிட்டு மண்ணில் மண்டியிட்டார். அவித்ததைத் தோலோடு உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒரு கைகுலுக்கல். வயிறு எரிந்தது. அவர் மேலா, உன் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நீ என் சிநேகிதன்; அவரோடு சிரித்த மாதிரி என்னோடு நீ சிரித்ததில்லை.

போன வாரம் அவர் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அவர் எங்கே?" என்றுதான் கேட்டார். சொன்னேன். ஆபீசுக்குள் வரவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய், உன் வெறும் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். எனக்காக இப்படி எவன் வந்து அழப்போகிறான் என்று தோன்றியது, மாப்பிள்ளை. செத்துப்போன ஆளைப் பார்த்தும் பொறாமைப்பட முடிகிறது.

இன்று அந்தக் கிழங்குகளை வெட்டி, புல்லை மடித்து நானே நட்டுவிட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. பங்குனியில் அவர் வந்து, யார் நட்டது என்று கேட்பார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். உன் பேச்சை எடுக்கவே மாட்டேன். எடுக்காவிட்டால் என்ன, அவர் கண் உன்னைத்தானே தேடும்.

என் கண்ணும்தான்.